எண்பது கோப்பைகளும் நான்கு காரணங்களும்

விருத்தாசலம்
14.6.2023

அன்புள்ள தங்கை பானுமதிக்கு,

அண்ணன் கோவிந்தராசு எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் கோகுலகிருஷ்ணனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தில் வருவன:

1. என் உடல்நிலை
2. சேரனின் முடிவு
3. உன் யோசனையும், அதை நான் ஏற்க முடியாததற்கான நான்கு காரணங்களும்
4. உனக்குச் சில கேள்விகள்

எண் போட்டு எழுதினால் நீ சிரிப்பாய். முப்பத்தொரு வருடம் பீங்கான் பரிசோதனைப் பிரிவில் அறிக்கை எழுதிய கைக்கு வேறு விதம் வரவில்லை.

முதலாவது: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வலி இருக்கிறது. காலையில் பெரும்பாலும் பசிப்பதில்லை.

இரண்டாவது: உன் அண்ணி கனகா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பால் வாங்கவும் பென்ஷன் எடுக்கவும் தவிர நான் வாசலைத் தாண்டுவதில்லை என்று எதிர்வீட்டுப் பழமலைநாதன் சேரனிடம் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் வந்து என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போவது என்று அவன் முடிவு செய்துவிட்டான். பதினோராவது மாடி. பிள்ளை அன்பால்தான் சொல்கிறான். எனக்கு இங்கிருந்து போக விருப்பமில்லை. அதை அவனிடம் சொல்லும் தைரியமும் இல்லை.

மூன்றாவது: தைக்குள் ஏதாவது தொண்டில் சேர்ந்துவிடுங்கள், சேரன் வந்து கண்ணால் பார்த்தால் மனம் மாறுவான் என்று எழுதியிருந்தாய். இங்கே அரசு மருத்துவமனை வாசலில் ஒரு குழு தினமும் காலையில் கஞ்சி ஊற்றுகிறது, அதில் சேரலாமே என்றும் எழுதியிருந்தாய். என் காரணங்கள்:

ஒன்று, எனக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு, தொண்டு பிறருக்காகச் செய்வது. நான் பெங்களூரிலிருந்து தப்பிப்பதற்காகச் செய்வேன். அது தொண்டாகுமா என்று தெரியவில்லை. மூன்று, நான் எதைச் செய்தாலும் நேரம் பிடிக்கும், தவறும் செய்வேன். நான்கு, தொண்டு என்பது பேசிப் பழகத் தெரிந்தவர்களின் வேலை. பேச்சில்லாமல் அது நடக்காது. நானோ பால்காரரிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்குக்கூட வீட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறவன்.

கேள்விகள்: (அ) பார்வையற்ற கல்லூரி மாணவி இனியாவுக்கு நீ பாடம் வாசித்துக் காட்டுகிறாயே, வாரத்துக்கு எத்தனை நாள் போகிறாய்? (ஆ) அவளுக்கு என்ன பாடம்? (இ) முதல் நாள் நீ பயந்தாயா?

எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
கோவிந்தராசு


கோயம்புத்தூர்
26.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பானு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். பெரிய பேரனுக்கு மட்டும் ஜலதோஷம். காலையில் பசிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி இருந்தபோது ஆறு இட்லிக்குக் குறைந்து நீங்கள் எழுந்ததில்லை. பசி அண்ணியோடு போய்விட்டதா, சமைக்கச் சோம்பலா என்று அடுத்த கடிதத்தில் எண் போட்டு எழுதவும்.

இனியாவுக்கு வரலாறு. முதல் நாள் பயந்தேன். என் குரலில் என்ன தப்புக் கண்டுபிடிப்பாளோ என்று பயம். நான் நாலு பக்கம் வாசித்ததும் அவள், "ஆன்ட்டி, நீங்க காற்புள்ளிகூட விடாம வாசிக்கிறீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நமக்குக் கிடைப்பது அதுதான் அண்ணா. நம்மால் ஒருத்திக்கு நாலு பக்கம் உள்ளே போயிருக்கிறது என்ற நினைப்பில் தோசை இறங்கும்.

உங்கள் நான்கு காரணங்களையும் படித்தேன். நான்கும் ஒரே காரணம்தான். பயம்.

போன் பண்ணாதீர்கள். போன வருடமே சொன்னேன். போனில் நீங்கள் "ம்" என்கிறீர்கள், "சரி" என்கிறீர்கள். வாட்ஸப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறீர்கள். கடிதத்தில்தான் என் அண்ணன் வாயைத் திறக்கிறார். எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை பானு


விருத்தாசலம்
12.7.2023

அன்புள்ள பானுவுக்கு,

நலம். பேரனின் ஜலதோஷம் தீர்ந்ததா? பசி பற்றிய உன் கேள்விக்குப் பதில்: இரண்டும்.

மருத்துவமனைக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஆறு நாள் உட்கார்ந்து கவனித்தேன். காலை ஆறரைக்கு அர்ச்சுனன் என்பவரின் ஆட்டோவில் கஞ்சி அண்டா வருகிறது. கரண்டி பிடிப்பவர் அமிர்தம் என்ற அம்மாள். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்றவர். நொய்யும் பாசிப்பருப்பும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். திட்டக்குடி, பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் உண்டு.

கஞ்சியைப் பீங்கான் கோப்பையில் கொடுக்கிறார்கள். காகிதக் கோப்பை சூட்டில் நெகிழ்ந்துவிடுகிறது, எவர்சில்வரைக் கையில் பிடிக்க முடியவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். இங்குள்ள பீங்கான் கம்பெனிகள் கொடுத்த எண்பது கோப்பைகள். கழுவிக் கழுவிப் புழங்குகின்றன. மேசையில் வைக்கும் சத்தத்திலேயே அதில் இரண்டு விரிசல் கோப்பை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆறு நாளில் இரண்டு முறை பாதிச் சாலை வரை போனேன்.

சேரன் நேற்றுப் பேசினான். என் துணிமணிக்கு அலமாரி செய்யச் சொல்லிவிட்டானாம்.

கேள்வி (அ)வுக்கு நீ பதில் எழுத மறந்துவிட்டாய். வாரத்துக்கு எத்தனை நாள்?

அன்புடன்,
அண்ணன்


கோயம்புத்தூர்
21.7.2023

அண்ணனுக்கு வணக்கம்.

ஜலதோஷம் போய்விட்டது. அது போன மறுநாளே பேரன் மைதானத்துக்குப் போய்விட்டான்.

மீதிப் பாதிச் சாலையைக் கடக்க என்ன வேண்டும்? பச்சை விளக்கா? எண்பதில் இரண்டு விரிசல் என்று அந்த வாசலில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அதில் ஊற்றி ஒருவர் கையில் கொடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். நன்றாக இருக்கிறதா?

அதைச் சொல்வதற்காகவாவது போங்கள்.

பானு


விருத்தாசலம்
29.8.2023

அன்புள்ள பானுவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதவே கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி போனேன். வேலையில் பீங்கானைத் தட்டிப் பார்க்கும் என் பழைய மரக்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தேன். அமிர்தம் அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும், "வாங்க ஐயா, கப்பு எடுத்துக் குடுங்க, கை பத்தல" என்று சொல்லிவிட்டார். ஒத்திகை வீணாயிற்று.

நான் மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கோப்பையாகக் குச்சியால் தட்டினேன். நல்ல கோப்பை கணீரென்று ஒலித்து, ஒலி சற்று நிற்கும். விரிசல் கோப்பை 'டொக்' என்று அடங்கிவிடும். இரண்டுதான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. எண்பதையும் தட்டி முடித்தபோது முப்பத்து நான்கைத் தனியே ஒதுக்கியிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். வரிசை சாலை வரை நின்றது. கஞ்சி ஏடு கட்டிவிட்டது.

ஆட்டோவில் சாய்ந்திருந்த அர்ச்சுனன், "தாத்தா கச்சேரி முடியட்டும், அப்பறம் கஞ்சி குடிக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தம் அம்மாள் சிரிக்கவில்லை. "ஐயா, இது கஞ்சி ஊத்துற எடங்க. இப்ப கப்புக்கு நான் எங்கங்க போவேன்?" என்றார். கோப்பை பாதியாகக் குறைந்துபோனதால், குடித்தவர்கள் கழுவித் தரும் வரை மற்றவர்கள் நிற்க வேண்டியதாயிற்று. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து அம்மாள் ஒருவர், பெயர் கொளஞ்சியம்மாள், கணவரை உள்ளே சேர்த்திருக்கிறார். டாக்டர் வரும் நேரமாகிவிட்டது என்று வரிசையை விட்டுப் போய்விட்டார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பின்னால் நின்றவர் சொன்னார்.

அதன்பின் நான் போகவில்லை. என் மூன்றாவது காரணம் சரி என்று ஆகிவிட்டது. சேரன் வரும்போது நான் துணிமணியை எடுத்து வைத்துத் தயாராக இருப்பேன்.

இனியா தேர்வு எழுதினாளா? அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது.

அண்ணன்


கோயம்புத்தூர்
9.9.2023

அன்புள்ள அண்ணா,

நலமே. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டேன். பிறகு மறுபடி சிரித்தேன். எண்பதையும் தட்டாமல் உங்களால் வர முடியாது என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரத்தையெல்லாம் தட்டிப் பார்த்தவர்தானே.

கொளஞ்சியம்மாளுக்கு அன்று ஒரு வேளைக் கஞ்சி போயிற்று. வருத்தம்தான். நீங்கள் போகாமல் இருந்த இருபத்தெட்டு நாளில் யாருக்கு என்ன போயிற்று என்று கணக்குப் பார்த்தீர்களா? தட்டியது தப்பில்லை அண்ணா. தட்டிய நேரம்தான் தப்பு. கஞ்சி வந்து நிற்கும்போதா தட்டுவது?

வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் வீடு நம்மை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் போகாமல் இருப்பது எளிது. இரண்டாம் நாள் அதைவிட எளிது. நூறாவது நாள் யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

போங்கள்.

பானு


விருத்தாசலம்
5.10.2023

அன்புள்ள பானுவுக்கு,

நலம். நேற்றுக் காலை இரண்டு கோப்பைக் கஞ்சி குடித்தேன். இதை உடல்நலத் தலைப்பின் கீழ் எடுத்துக்கொள்ளவும்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், நான் போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அமிர்தம் அம்மாள் வீடு தேடி வந்துவிட்டார். பழமலைநாதன் வழிகாட்டி அழைத்து வந்தார்.

"ஐயா வூடு இதானுங்களா" என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "போன வாரம் ஒரு கப்பு அடி கழண்டுபோச்சுங்க. ஒரு பொண்ணு கால்ல அவ்ளோ கஞ்சியும். நல்ல வேளை, ஆறுன கஞ்சி" என்றார்.

நான் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீங்க ஒதுக்கி வச்சதுல ஒண்ணுதாங்க அது. தூக்கிப் போட மனசு வராம நான்தான் திரும்ப எடுத்து அடுக்கிட்டேன். பாக்க நல்லாத்தானே இருக்குதுன்னு."

"பார்த்தால் தெரியாது" என்றேன்.

"அதாங்க வந்தேன். காலையில வேணாம். சாய்ங்காலம் நம்ப வூட்டுக்கு வந்து தட்டிட்டுப் போங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் தட்டுங்க. அர்ச்சுனன் சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

இப்போது தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தட்டுகிறேன். காலையில் கோப்பை எடுத்துக் கொடுக்கிறேன். ஒதுக்கியவற்றில் மாதிரிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உடைத்துப் புதைத்தாயிற்று. பற்றாக்குறைக்கு என்ன செய்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒதுக்கியவன் நான்தானே.

தொழிற்பேட்டையில் நல்லமுத்து என்பவரின் கம்பெனி இருக்கிறது. மூன்று நாள் வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் அவரே வெளியே வந்து, "இன்னா சார், தெனம் வந்து போர்டப் படிச்சுட்டுப் போறீங்க" என்றார். ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. பையிலிருந்து ஒரு விரிசல் கோப்பையை எடுத்துக் குச்சியால் தட்டினேன். பிறகு அவர் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினேன். இரண்டையும் அவர் கேட்டார். அவரும் இதே தொழிலில் இருப்பவர்தானே.

"கஞ்சிக்கா?" என்றார். தலையாட்டினேன். "எத்தினி?"

"முப்பத்து நான்கு."

"ரோசாப்பூ தலகீழா ஒட்டுன கப்பு கெடக்குது. விரிசல் கெடையாது, பாக்கத்தான் அசிங்கம். ஆவுமா?"

ஆகும் என்றேன். இப்போது எங்கள் வரிசையில் பாதிப் பேர் தலைகீழான ரோஜாவைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

உனக்கு நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நிலுவையில் உள்ள கேள்விகள்: வாரத்துக்கு எத்தனை நாள்? இனியா தேர்வு எழுதினாளா?

அண்ணன்


கோயம்புத்தூர்
16.10.2023

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தலைகீழ் ரோஜாவை மருமகளிடம் சொன்னேன், அவள் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

இனியா நன்றாக இருப்பாள். சேரனுக்கு நான் எழுதுகிறேன். மழைக்காலம் வருகிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

பானு


விருத்தாசலம்
20.11.2023

அன்புள்ள பானுவுக்கு,

மழையால் கால் வலி சற்று அதிகம். மற்றபடி நலம். நீங்கள் தீபாவளி நன்றாகக் கொண்டாடினீர்களா?

இரண்டு மாதம் முடிந்ததால் ஒரு அறிக்கை.

எனக்கு நேர்ந்தவை: ஐந்தரைக்கு எழுகிறேன். பசிக்கிறது. இரவில் தூங்குகிறேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஏழு பேர் இருக்கிறார்கள். அர்ச்சுனன் என்னை 'கச்சேரி' என்று கூப்பிடுகிறார். முதலில் வருத்தமாக இருந்தது. போன வாரம் அவர் வெறுமனே 'ஐயா' என்றபோது, கோபமோ என்று கவலையாகிவிட்டது.

ஊருக்கு நேர்ந்தவை: இதை அளப்பது கடினம். கண்டதை மட்டும் எழுதுகிறேன். கொளஞ்சியம்மாளின் கணவர் குணமாகி ஊருக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை நொய். என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. "அன்னிக்கு எனக்குக் கஞ்சி இல்லன்னு அனுப்புனவருதான நீங்க" என்றார். ஆமாம் என்றேன். "இன்னிக்கு நான் ஊத்தறேன், நீங்க குடிங்க" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். இப்போது வாரம் ஒரு நாள் வருகிறார். வாங்கிக் குடித்தவர்களில் இதுபோல் நான்கு பேர் ஊற்ற வந்திருக்கிறார்கள்.

இனி, தயங்கித் தயங்கி எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ளாதே. என் கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருப்பது உனக்குத் தெரியும். வாரத்துக்கு எத்தனை நாள் என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். பதிலில்லை. தேர்வைப் பற்றி இரண்டு முறை. "நன்றாக இருப்பாள்" என்று எழுதினாய். அவளைப் பார்க்கிறவர் "இருக்கிறாள்" என்று எழுதியிருப்பார். தீபாவளியன்று நீ வேண்டாம் என்றதையும் கேளாமல் போன் செய்தேன். கோகுலகிருஷ்ணன் எடுத்தான். "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க மாமா" என்றான். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேல், நீ மருமகளிடம் உரக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

முப்பத்தொரு வருடம் தட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். உன் கடிதங்களை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் எதையும் கேட்கவில்லை பானு. எழுத விருப்பமிருந்தால் எழுது.

அண்ணன்


கோயம்புத்தூர்
18.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன்.

எனக்குக் காது போய்விட்டது அண்ணா. முழுக்க இல்லை. போன வருடம் சித்திரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். கூட்டத்தில் போட்டால் எல்லாம் ஒரே இரைச்சல், பேச்சு மட்டும் புரியாது. அலமாரியில் கிடக்கிறது. டிவி அலறியது எனக்காகத்தான். போன் வேண்டாம் என்றதும் அதனால்தான். கோகுலகிருஷ்ணனைப் பொய் சொல்லச் சொன்னது நான்.

இனியாவிடம் போவதை நிறுத்தி ஒன்றே கால் வருடம் ஆகிறது. கடைசி நாள் அவள் ஏதோ சந்தேகம் கேட்டாள். உதடு அசைவது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். மற்றவர்களென்றால் கையைக் காட்டுவார்கள், எழுதிக் காட்டச் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு என் முகம் தெரியாது. எனக்கு அவள் குரல் கேட்காது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஆன்ட்டி, போயிட்டீங்களா?" என்று கையை நீட்டித் தேடினாள். அது மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், நூறு நாள். அதைத்தான் உங்களுக்கு எழுதினேன்.

நான் போகிறேன் என்று எழுதினால்தான் நீங்களும் போவீர்கள் என்று தோன்றியது. தோசைக் கதை பொய்யில்லை. நாள்தான் பழசு.

இங்கே என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எதற்கென்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். திரும்பச் சொன்னால் சிரிப்பு வராதுதானே. உங்கள் கடிதம் வரும் நாளில் மட்டும் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கிறது.

திட்டாதீர்கள்.

பானு


விருத்தாசலம்
22.12.2023

அன்புள்ள பானுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எத்தனை முறை படித்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

இன்று காலை கஞ்சி வரிசையில் நான் பேசிய சொற்களை எண்ணினேன். ஆறரையிலிருந்து எட்டு வரை, பதினொன்று. அவற்றில் ஐந்து, 'சூடு'. அர்ச்சுனனின் ஆட்டோவும் பஸ் ஹாரனும் போடும் சத்தத்தில் அந்தப் பதினொன்றும் யாருக்கும் கேட்டிருக்காது. அளவைக் கையால் காட்டுகிறார்கள். போதும் என்றாலும் கையால்தான். உப்பு வேண்டுமென்றால் விரலைக் கூட்டிக் காட்டுகிறார்கள்.

அமிர்தம் அம்மாளுக்குத் தோள் வலி. கரண்டிக்கு ஆள் இல்லை.

சேரன் பொங்கலுக்கு வருகிறான். அவனை நான் தனியாகச் சந்திக்கப் பயப்படுகிறேன் என்பதும் உண்மை. சேலம் வரை கோகுலகிருஷ்ணன் கொண்டுவந்து விட்டால் விருத்தாசலம் பாசஞ்சரில் ஏறிவிடலாம். ஸ்டேஷனில் நிற்பேன். கனகாவின் கம்பளியை வெயிலில் போட்டிருக்கிறேன்.

திட்டுவதற்கு என்ன இருக்கிறது? என்னை வீட்டை விட்டு வெளியே தள்ளியவள் நீ.

உன் அண்ணன்


விருத்தாசலம்
12.2.2024

அன்புள்ள தங்கை பானுமதிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கோகுலகிருஷ்ணன் செய்தி அனுப்பினான். பேரனின் பரீட்சை முடிந்ததும் பங்குனியில் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாய். பெட்டியில் பாதியை இங்கேயே விட்டுவிட்டுப் போனதால் நம்புகிறேன்.

இக்கடிதத்தில் ஒரே விஷயம்தான். இருந்தாலும் சுற்றித்தான் வர வேண்டும்.

நீ முதல் நாள் அமிர்தம் அம்மாளுக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் உன்னிடம் என்னமோ சொன்னார், நீ சிரித்தாய். உனக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லலாமா என்று தயங்கினேன். அதற்குள் அவர் கரண்டியை உன் கையில் திணித்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சியம்மாவுக்குக் காது கேக்காதுங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா, தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

நான்காம் நாள் நடந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், சாமிக்கண்ணு என்று பெயர், மனைவியை உள்ளே சேர்த்திருந்தார். ஒரு வாரமாகத் தினமும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்திலேயே சற்று நிற்பார். பிறகு போய்விடுவார். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாரே என்றுதான் நான் நினைத்தேன். அவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. நீ மற்றவர்களைப் போல் பேச்சில் கவனம் வைக்கவில்லை. முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் கழுவி வைத்த கோப்பையை நீயே எடுத்து, விளிம்பு வரை ஊற்றி, அவர் கையில் வைத்தாய். அவர் வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தார். இரண்டாம் கோப்பை கேட்க ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருக்கிறார் பானு. அதை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சேரன் அன்றுதான் வந்திருந்தான். என்னைத் தேடி நேராக மருத்துவமனை வாசலுக்கு வந்தவன், அர்ச்சுனனின் ஆட்டோவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தான். "கச்சேரி பையனா நீங்க" என்று அர்ச்சுனன் கேட்டதாகச் சொன்னான். பொங்கலன்று கஞ்சிக்குப் பதில் பொங்கல் வந்ததும் அண்டாவின் ஒரு காதை அவன்தான் பிடித்து இறக்கினான். ஊருக்குக் கிளம்பும்போது என் துணிப்பையைத் தேடுவான் என்று நினைத்து எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டு, "அடுத்த தைக்குப் பாத்துக்கலாம்ப்பா. அத்தைக்கு ஒரு கம்பளி பத்தாது, இன்னொண்ணு வாங்குங்க" என்றான்.

நீ போனபின் வரிசையில் உன்னைக் கேட்கிறார்கள். எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? கோப்பை விளிம்பில் விரலை வைத்து, 'நிறைய ஊற்றுவாரே, அவர்' என்று காட்டுகிறார்கள். நான் பங்குனி என்று சொல்ல வாயைத் திறப்பேன். வராது. கையை அசைத்து, வருவார் என்று காட்டுகிறேன். புரிந்துகொள்கிறார்கள்.

இனி விஷயம். சென்ற ஜூன் பதினான்காம் தேதி நான் எழுதிய கடிதத்தின் நகலை நேற்று எடுத்துப் பார்த்தேன். நான்கு காரணங்களில், வயதைப் பற்றிய முதலாவது சரி. ஒரு வயது கூடியும் இருக்கிறது. பிறருக்காகவா எனக்காகவா என்ற இரண்டாவதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கஞ்சி சூடாக இருக்கும்போது அந்த யோசனை வருவதில்லை. தவறு செய்வேன் என்ற மூன்றாவதற்கு ஸ்ரீமுஷ்ணத்தில் சாட்சி இருக்கிறது.

பேச்சில்லாமல் தொண்டு நடக்காது என்று எழுதிய நான்காவது தவறு. நகலில் அதை அடித்துவிட்டேன். உன்னிடம் இருக்கும் அசலிலும் அடித்துவிடு.

உன் அண்ணன்,
கோவிந்தராசு